எத்தனை கால், எங்கே கால்: கணுக்காலிகளை இனம் காணும் முறை

பாலக்கோட்டுப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் வீடொன்றில், ஐந்தாம் பருவத்துப் புழு ஒன்றை எடுத்துப் பள்ளிப் பிள்ளையின் உள்ளங்கையில் விட்டு, இதற்கு எத்தனை கால்கள் என்று கேட்டால், பொறுமையாக எண்ணும் பிள்ளை 16 என்று சொல்லும். பூச்சிகளுக்கு ஆறு கால்கள் என்று அந்தப் பிள்ளையின் பாடப்புத்தகம் சொல்கிறது. பட்டுப்புழு பூச்சியினத்தைச் சேர்ந்தது என்றும் அதே புத்தகம் சொல்கிறது. புத்தகம் சொல்லும் இரண்டும் சரி; பிள்ளையின் எண்ணிக்கையும் சரி. மூன்றும் ஒருசேர எப்படிச் சரியாகும் என்பதை விளங்கிக்கொண்டவர், வீட்டிலும் வயலிலும் தோப்பிலும் காணும் சிற்றுயிர்கள் பலவற்றை, பெயர் தெரியாவிட்டாலும், இன்ன கூட்டத்தைச் சேர்ந்தவை என்று உடலமைப்பைக் கொண்டே சொல்லிவிடுவார்.

அந்தப் புழுவைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். தலையை அடுத்து வரும் மூன்று வளையங்களில், வளையத்துக்கு ஓர் இணையாக, மூன்று இணைக் குட்டைக் கால்கள் இருக்கும். அவை கூம்பு வடிவில் கெட்டியாக இருக்கும். நுனியில் நகம் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மடங்கும் மூட்டுகளும் தெரியும். மல்பெரி இலையின் விளிம்பைப் பிடித்துத் தின்னும்போது புழு பயன்படுத்துவது இந்தக் கால்களைத்தான். அதன்பின் இரண்டு வளையங்கள் காலின்றி வெறுமையாக இருக்கும். அடுத்த நான்கு வளையங்களில் நான்கு இணையும், உடலின் கடைசியில் ஓர் இணையுமாக, சதைப்பற்றுள்ள ஐந்து இணைகள் காணப்படும். இவற்றில் மூட்டு கிடையாது. அடிப்பாகத்தில் மிக நுண்ணிய கொக்கிகள் வரிசையாக இருப்பதால்தான், இலையிலிருந்து புழுவை எடுக்கும்போது அது விடாமல் பற்றிக்கொள்வதை நம் விரல் உணர்கிறது. மூட்டுள்ள ஆறும் மெய்க்கால்கள். மூட்டில்லாத பத்தும் புழுப் பருவத்துக்கு மட்டும் உதவும் பொய்க்கால்கள். கூட்டைக் கிழித்துக்கொண்டு அந்துப்பூச்சி வெளிவரும்போது பொய்க்கால்கள் பத்தும் மறைந்திருக்கும். மார்பிலுள்ள ஆறு கால்கள் மட்டுமே இருக்கும்.

ஆகவே எண்ணிக்கையை மட்டும் கொண்டு முடிவுக்கு வரலாகாது. அந்தக் கால் மூட்டுள்ளதா, உடலின் எந்தப் பகுதியிலிருந்து புறப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கட்டுரையின் எஞ்சிய பகுதி முழுவதும் இந்த இரண்டு கேள்விகளின் விரிவுதான்.

கணுக்காலி என்ற சொல்லே பாதி விளக்கத்தைத் தந்துவிடுகிறது. கரும்பிலும் மூங்கிலிலும் கணு இருப்பதுபோல் கால்களில் கணு, அதாவது மூட்டு, உள்ள உயிர்கள் கணுக்காலிகள். அறிவியல் இதுவரை பெயரிட்டுள்ள விலங்குகளில் மிகப் பெரும்பான்மையானவை இவைதாம். பூச்சிகள் மட்டுமே 9 இலட்சத்துக்கும் அதிகமான வகைகள் உள்ளன. இவற்றுக்கு நம்மைப்போல் உள்ளே எலும்பு இல்லை. கைட்டின் என்னும் பொருளாலான ஓடு வெளியிலிருந்து உடலைத் தாங்குகிறது. உடல் வளரும், ஓடு அதற்கேற்ப வளராது. எனவே பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியது ஒன்றைப் பெற்றாக வேண்டும். பட்டுப்புழு நான்கு முறை தோலுரிப்பது இதனால்தான். தோலுரிப்புக்கு முன் புழு தழை தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கியபடி ஏறக்குறைய ஒரு நாள் அசையாமல் இருக்கும். அந்த நேரத்தில் வளர்ப்பவர்கள் படுக்கையின் மேல் சுண்ணாம்புத் தூள் தூவி ஈரத்தைக் குறைப்பார்கள், புழுவைத் தொடமாட்டார்கள். பிறகு பழைய தலை ஓடு தொப்பிபோல் கழன்று விழ, புழு தன் பழைய தோலுக்குள்ளிருந்து நழுவி வெளியே வரும். வயல் வரப்பில் கிடக்கும் வெறும் நண்டு ஓடும், பரணில் கிடக்கும் தேளின் வெற்றுக்கூடும் இதே நிகழ்வின் எச்சங்கள்.

தமிழில் பூச்சி என்ற சொல் மிகவும் தாராளமானது. எட்டுக்கால் பூச்சி, ரயில் பூச்சி, கும்பிடுபூச்சி என மூன்றையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம். ஆனால் இவற்றுள் கடைசியில் உள்ளது மட்டுமே அறிவியல் பொருளில் பூச்சி. இதை நம் மொழியின் குறையாக நான் கருதவில்லை. விலங்குகளுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ்கூட 1758இல் சிலந்தி, தேள், நண்டு, பூரான் ஆகிய அனைத்தையும் பூச்சி என்ற ஒரே வகுப்புக்குள்தான் வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாமார்க் போன்றோர் நண்டினத்தையும் சிலந்தியினத்தையும் அதிலிருந்து தனியே பிரித்தார்கள். தொல்காப்பியம் நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்கள் என ஒன்றாகச் சேர்க்கிறது. அங்கே கேட்கப்படும் கேள்வி புலனறிவு பற்றியது. நாம் இங்கே கேட்பது உடலமைப்பு பற்றியது என்பதால் கூட்டங்கள் வேறாகப் பிரிகின்றன.

பார்க்கும் வரிசை ஒன்றைப் பழக்கிக்கொள்வது நல்லது. முதலில் உடல் எத்தனை பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்துத் தலையில் உணர்கொம்பு உண்டா, உண்டெனில் எத்தனை இணை என்று பார்க்க வேண்டும். கால்களை எண்ணுவது அதற்குப் பிறகுதான். உணர்கொம்பு இல்லையென்றால் அது சிலந்தியினம். ஓர் இணை இருந்தால் பூச்சி அல்லது பூரான், மரவட்டை வகை. இரண்டு இணை இருந்தால் நண்டினம். கால்களை எண்ணும் முன்பே இந்த ஒரு குறிப்பு பாதி வேலையை முடித்துவிடுகிறது என்பதால், தொடக்கநிலையில் உள்ளவர்கள் உணர்கொம்பைத் தேடும் பழக்கத்தை முதலில் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. சிற்றுயிரைக் கண்ணாடித் தம்ளரால் மூடி, அடியில் ஓர் அட்டையைச் செருகி, மூடியுள்ள கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி, குப்பியைத் தலைக்கு மேல் தூக்கிக் கீழிருந்து பார்த்தால், கால்கள் உடலோடு சேரும் இடம் தெளிவாகத் தெரியும். மேலிருந்து எண்ணுவோர் செய்யும் பிழைகள் பலவும் இதனால் நீங்கும். தேளையும் பூரானையும் மட்டும் இவ்வாறு பிடிக்க முயலாமல், எட்ட நின்று கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதே பாதுகாப்பு.

பூச்சியின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகள் கொண்டது. ஆறு கால்களும், இருந்தால் இறக்கைகளும், மார்பிலிருந்துதான் புறப்படும். வளர்ந்த பூச்சியின் வயிற்றுப் பகுதியில் நடக்கும் கால் இருக்காது. எறும்பில் இதைக் காண்பது எளிது. பெரும்பாலான பூச்சிகளுக்கு இரண்டு இணை இறக்கைகள் உண்டு. ஈக்களுக்கும் கொசுக்களுக்கும் ஓர் இணைதான். பின்னிறக்கைகள் சிறு குமிழ்களாகச் சுருங்கி, பறக்கும்போது சமநிலை காக்க உதவுகின்றன. பட்டுப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதை அழிக்கும் ஊசி ஈயும் இந்த ஓரிணை இறக்கைக் கூட்டத்தைச் சேர்ந்ததே. அதன் புழுவுக்குக் காலே கிடையாது. ஆனாலும் அது பூச்சிதான். கும்பிடுபூச்சி முன்னிரு கால்களை இரை பிடிக்கும் கருவியாக மாற்றிக்கொண்டிருப்பதால், நடப்பது நான்கு கால்களில். எருக்கஞ்செடியைச் சுற்றிப் பறக்கும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியும் நான்கு கால்களில்தான் நிற்கிறது. அதன் முன்னங்கால்கள் மிகச் சிறுத்து மார்போடு ஒட்டிக்கிடப்பதால் மேலிருந்து பார்ப்பவர் கண்ணில் அவை படுவதில்லை.

சிலந்தியினத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் வட்டாரத்து உழவர்களுக்கு, தெரியாததால் பணச்செலவை உண்டாக்கும் கூட்டம் இதுதான். சிலந்தியின் உடல் தலைமார்பு, வயிறு என இரண்டு பகுதிகளால் ஆனது. இரண்டையும் ஒரு குறுகிய இடை இணைக்கிறது. எட்டுக் கால்களும் தலைமார்பிலிருந்து புறப்படுகின்றன. உணர்கொம்பும் இல்லை, இறக்கையும் இல்லை. வாயின் இருபுறமும் கால்போல் தோன்றும் சிறு உறுப்பு ஓர் இணை இருக்கும். அதையும் சேர்த்து எண்ணிவிட்டு, பத்துக்கால் சிலந்தியைக் கண்டதாகச் சொல்பவர்கள் உண்டு. தேளில் அதே உறுப்புதான் பெரிய இடுக்கியாக வளர்ந்திருக்கிறது. ஆகவே தேளின் இடுக்கி கால் அல்ல. அதை விட்டுவிட்டு எண்ணினால் சரியாக எட்டுக் கால்கள் வரும். இடுக்கி பருத்த கருந்தேளைக் கண்டு அஞ்சும் அளவுக்கு, இடுக்கி மெலிந்து வால் தடித்த செந்தேளைக் கண்டு மக்கள் அஞ்சுவதில்லை. உண்மையில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடியது செந்தேளின் நஞ்சே. அது கொட்டினால், குறிப்பாகக் குழந்தைகளை, சற்றும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மாட்டு உண்ணியும் செடிகளைத் தாக்கும் சிலந்திப்பேனும் இதே இனத்தைச் சேர்ந்தவை. இவற்றில் தலைமார்பும் வயிறும் ஒன்றாகிப் போனதால் உடல் ஒரே உருண்டையாகத் தெரியும். பேன் என்ற பெயர் இங்கே மக்களைத் தவறான வழியில் கொண்டுபோய்விடுகிறது. என் சிற்றப்பா பென்னாகரம் சாலையில் மானாவாரியாக மரவள்ளி போட்டிருந்த ஆண்டில், வெயில் ஏற ஏற இலைகளில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் பரவின. கடையில் விவரம் சொல்லி, பேனுக்கு என்று கொடுக்கப்பட்ட பூச்சிமருந்தை வாங்கி வந்து இரண்டு முறை அடித்தார். புள்ளி குறையவில்லை, இலை சருகாகத் தொடங்கியது. தோட்டத்தைப் பார்க்க வந்த வேளாண் அலுவலர் ஓர் இலையைத் திருப்பி, மெல்லிய நூலாம்படைக்கு நடுவே நகர்ந்த செம்புள்ளி ஒன்றின் மேல் கைலென்ஸைப் பிடித்து, "நீங்களே எண்ணிப் பாருங்க ஐயா" என்றார். சிற்றப்பா எண்ணினார், எட்டு வந்தது. பேன் பூச்சியினம், அதற்கு ஆறு கால்; இது சிலந்தியினம் என்பதால் பூச்சிகளைக் கொல்லும் மருந்துகள் பல இதன்மேல் போதிய அளவு வேலை செய்வதில்லை. மாறாக, சிலந்திப்பேனைத் தின்று கட்டுப்படுத்தும் பொறிவண்டு போன்றவற்றை அம்மருந்து கொன்றுவிடுவதால், சிலந்திப்பேன் முன்னைவிடப் பெருகவும் கூடும். அதன்பிறகு நனையும் கந்தகத்தைப் பரிந்துரைத்த அளவில் தெளித்து எஞ்சிய பயிரைக் காப்பாற்ற முடிந்தது. இரண்டு கால்களின் வேறுபாடு இரண்டு முறை அடித்த மருந்தின் விலைக்குச் சமமாக இருந்ததை அன்று நேரில் கண்டேன். இந்தப் பொருளில் எனக்கு ஏற்பட்ட ஈடுபாட்டின் தொடக்கம் அதுதான்.

முதல் மழைக்குப் பின் செம்மண் நிலத்தில் ஊர்ந்து வரும் செந்நிற வெல்வெட் பூச்சியையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். சில ஊர்களில் இதைப் பட்டுப்பூச்சி என்றே அழைப்பதால், பட்டு வளர்க்கும் நம் ஊர்களில் பெயர்க்குழப்பம் இன்னும் கூடுகிறது. சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவது இதுவே. கால்களை எண்ணினால் எட்டு. ஆகவே இது உண்ணிக்கு உறவு, பட்டுப்புழுவுக்கு அன்று. முன்னிரு கால்களை நீட்டித் தடவியபடி நடப்பதால் அவை உணர்கொம்புபோல் தோன்றும். அவற்றில் மூட்டுகளையும், அவை தலைமார்பில் மற்றக் கால்களின் வரிசையிலேயே தொடங்குவதையும் கவனித்தால் ஐயம் தீரும்.

நண்டுக்கு வருவோம். தென்பெண்ணைக் கரை வயல்களில் பிடிபடும் நண்டின் உடல், மேலிருந்து பார்த்தால் ஒரே ஓடாகத் தெரியும். அந்த அகன்ற ஓட்டின் அடியில் தலையும் மார்பும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. வயிறு எங்கே என்று கேட்டால், நண்டைச் சமைத்துப் பழகியவர்கள் உடனே காட்டுவார்கள்: அடிப்பக்கம் மடிந்து ஒட்டியிருக்கும் மூடிதான் வயிறு. ஆண் நண்டுக்கு அது குறுகியும், பெண் நண்டுக்கு முட்டைகளைத் தாங்குவதற்கேற்ப அகன்றும் இருக்கும். கால்கள் ஐந்து இணை. முதல் இணையே இடுக்கி. தேளின் இடுக்கியும் நண்டின் இடுக்கியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், முன்னது வாயருகு உறுப்பு, பின்னது கால். அதனால்தான் தேளில் இடுக்கியை விட்டு எண்ணும் நாம், நண்டில் அதைச் சேர்த்துப் பத்து என்று எண்ணுகிறோம். கண்களுக்கிடையே இரண்டு இணை உணர்கொம்புகள் மிகக் குட்டையாக இருக்கும். காவிரி இறாலில் அவை நீண்டு தெளிவாகத் தெரிவதால், நண்டினத்தின் இந்த அடையாளத்தைக் கற்க ஒகேனக்கல் மீன் கடைகளில் கிடைக்கும் இறால் மிகவும் ஏற்றது. இறாலுக்கும் நடக்கும் கால்கள் பத்துதான். வயிற்றின் அடியில் வரிசையாகத் தொங்கும் துடுப்புகள் நீந்துவதற்கானவை.

பூந்தொட்டியை நகர்த்தினால் அதன் அடியில் சாம்பல் நிறத்தில், ஓடு ஓடாக அடுக்கிய முதுகோடு நகரும் சிற்றுயிர் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். சில வகைகள் தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். கேட்டால் பூச்சி என்றோ, குட்டி மரவட்டை என்றோதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். அதற்கு ஏழு இணை, அதாவது 14 கால்கள். அது தரையில் வாழப் பழகிய நண்டினம். வயிற்றடியில் உள்ள செவுள்போன்ற உறுப்புகளால் மூச்சுவிடுவதால் ஈரம் உள்ள இடத்தை விட்டு அகலுவதில்லை.

பூரானும் மரவட்டையும் பலகாலிகள். தலைக்குப் பின் உடல் முழுதும் ஒரே மாதிரியான வளையங்களாக நீளும். மார்பு, வயிறு என்ற பிரிவு தெரியாது. வளையத்துக்கு ஓர் இணைக் கால் இருந்தால் பூரான். பெரும்பாலான வளையங்களில் இரண்டிரண்டு இணை இருந்தால் மரவட்டை. பூரானின் உடல் தட்டையானது, கால்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கும், ஓட்டம் வேகமானது. அதன் முதல் இணைக் கால்கள் நஞ்சுள்ள கவ்விகளாக மாறியுள்ளன. பூரான் கடித்தது என்று நாம் சொல்வது உண்மையில் அந்தக் கால்களால் குத்தியதைத்தான். வீடுகளில் காணும் பெரிய பூரான்களுக்கு வழக்கமாக 21 இணைக் கால்கள் இருக்கும். வளர்ந்த பூரான்களின் கால் இணைகள் இயல்பாக ஒற்றைப்படை எண்ணிலேயே அமைகின்றன. 50 இணை என்பது இரட்டைப்படை என்பதால், நூறு கால் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைப் பெற்ற பூரானுக்குச் சரியாக நூறு கால்கள் அமைவதில்லை. மரவட்டையோ உருண்டு திரண்டு, கால்கள் அடியில் நெருங்கி, அலை அலையாக அசைந்து மெதுவாக ஊரும். தொட்டால் சுருண்டுகொள்ளும், அதன் பக்கங்களிலிருந்து கசியும் நீர் விரலில் பழுப்புக் கறையையும் காரநெடியையும் விட்டுச்செல்லும். ஆயிரங்கால் பூச்சி என்று அழைத்தாலும், ஆயிரத்தைத் தாண்டிய கால்கள் உள்ள மரவட்டை ஒன்றை அறிவியல் முதன்முதலில் பதிவு செய்தது 2021இல்தான். ஆஸ்திரேலியாவில், நிலத்துக்கு அடியில் ஆழத்திலிருந்து கிடைத்த அதற்கு 1,306 கால்கள் இருந்தன.

குஞ்சுப் பருவம் கண்ணை ஏமாற்றக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். முட்டையிலிருந்து வெளிவரும் உண்ணிக் குஞ்சுக்கு ஆறு கால்கள்தான். தோலுரித்த பிறகே எட்டு ஆகும். மரவட்டைக் குஞ்சும் பெரும்பாலும் மூன்று இணைக் கால்களுடன் பிறந்து, ஒவ்வொரு தோலுரிப்பிலும் வளையங்களையும் கால்களையும் கூட்டிக்கொள்கிறது. ஆறு என்று எண்ணியவுடன் பூச்சி என்று முடிவு செய்யாமல், மூன்று பகுதி உடலும் ஓர் இணை உணர்கொம்பும் இருக்கின்றனவா என்று பார்த்தால் உண்ணிக் குஞ்சு பிடிபட்டுவிடும். சண்டையிலோ தப்பி ஓடும்போதோ காலை இழந்த சிலந்திகளும் நண்டுகளும் மிகுதி. எனவே ஒருபக்கக் கால்களை எண்ணி இரட்டிப்பதைவிட இரு பக்கமும் எண்ணி, அதிகமாக உள்ள பக்கத்தை எடுத்துக்கொள்வது நல்லது.

இந்த முறை கூட்டத்தைக் காட்டுமே தவிர, வகையைக் காட்டாது. 2020 மே மாத இறுதியில், வட மாநிலங்களில் பாலைவன வெட்டுக்கிளிகள் பயிர்களை அழித்த செய்திகள் வந்துகொண்டிருந்தபோது, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையோரக் கிராமம் ஒன்றில் எருக்கஞ்செடிகளை வெட்டுக்கிளிகள் மொய்த்ததைக் கண்டு மக்கள் அஞ்சினார்கள். அதிகாரிகள் வந்து பார்த்து, அவை உள்ளூர் வகை என்று தெளிவுபடுத்திய பிறகே அச்சம் தணிந்தது. இரண்டுக்கும் ஆறு கால்கள், இரண்டு இணை இறக்கைகள், தாவுவதற்கேற்ற பெரிய பின்னங்கால்கள். கால்களை எண்ணி இவற்றைப் பிரிக்க முடியாது. அங்கே நிறம், இறக்கையின் வடிவம், தின்னும் செடி ஆகியவற்றை அறிந்தவர்களின் உதவி தேவைப்படுகிறது.

கூட்டத்தை அறிவதிலேயே கடினமான தேர்வு ஒன்று உண்டு. அதை எனக்கு வைத்தது சந்தூர்ப் பக்கத்து மாந்தோப்பு. பெங்களூரா மரமொன்றின் தாழ்ந்த கிளையில், இலைகளைச் சேர்த்துக் கூடு பின்னியிருந்த முசுறு எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வரிசையிலிருந்து சற்று விலகி, அதே செம்மஞ்சள் நிறத்தில், அதே ஒடுங்கிய இடையோடு ஒன்று தனியே நடந்தது. தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகள் இருப்பதாகவே கண்ணுக்குப் பட்டது. முன்புறம் இரண்டு உணர்கொம்புகள் உயர்ந்து அசைந்தன. ஆனால் எறும்பின் உணர்கொம்பு நடுவில் முழங்கைபோல் ஒருமுறை மடியும். இதன் கொம்பிலோ பல மூட்டுகள் இருந்தன. அது நடக்கத் தொடங்கியதும் அந்தக் கொம்புகள் இரண்டும் கிளையில் ஊன்றின. இப்போது எண்ணினேன்: எட்டு. மார்பு என்று எண்ணியது, தலைமார்பின் நடுவே ஒடுங்கிய ஒரு மடிப்பின் பின்பகுதி. முன்னால் இரண்டு பெரிய கண்கள் என் பக்கம் திரும்பின. விரலை இன்னும் சற்று நெருக்கியபோது, எறும்பு எதுவும் செய்யாத ஒன்றை அது செய்தது: கிளையின் விளிம்பில் பின்புறத்தை ஒட்டி, நூல் விட்டு, காற்றில் தொங்கியபடி கீழே இறங்கியது.